கார்மேகத்தின் கம்பளி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஜனவரி மாதத்தில் ராஸ் அல் கைமாவின் ஜைஸ் மலையுச்சியில் போர்வையில்லாமல் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். வளைகுடாவில் தண்ணீர் உறையுமா என்று சிரிப்பவர்களுக்கும் அதுதான் பதில்.

உசிலம்பட்டி அழகுமலை, கஃபீலின், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளியின், மலைவீட்டுக்குக் காவலாகப் போனான். பொழுது சாய்ந்ததும் கிணற்று மோட்டார் குழாயைக் கனத்த துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். வீட்டுக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து வைக்க வேண்டும். தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால் அன்றைக்கே ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று ஃபோர்மேன் விஜயபாஸ்கர் மிரட்டியிருந்தான். தங்கை கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டு வந்தவன் அழகுமலை. வேலை போனால் ஊரில் முகம் காட்ட முடியாது.

காவல்காரன் அறையில் இரண்டு கட்டில். காலிக் கட்டிலில் புலிப் படம் போட்ட கம்பளி மடித்து இருந்தது. மூலையில் சிவப்பு நூலில் ‘கார்மேகம்’ என்று தைத்திருந்தது. தொழிலாளர் கேம்ப்பில் துணி மாறாமலிருக்கத் தைப்பார்களே, அப்படி. யாரோ லீவில் போனவன் விட்டுப்போனது என்று நினைத்துக் குழாயில் சுற்றினான்.

மறுநாள் காலை 6.15. குழாய் சுற்றிய துணியில்லாமல் நின்றது. மேலே பனிக்கட்டி. நல்லவேளை, வெடிக்கவில்லை. கம்பளி அதே கட்டிலில், மடித்தபடி. அறையை உள்தாழ் போட்டுத்தான் தூங்கியிருந்தான்.

தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது... இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி.

அன்று மாலை கம்பளியைக் குழாயோடு கம்பியால் இறுக்கிக் கட்டினான். காலை 6.15. கம்பி தரையில் கிடந்தது. அறுபடவில்லை. முறுக்கு முறுக்காகப் பிரித்திருந்தது. கம்பளி மறுபடி கட்டிலில்.

வியாழன் மாலை விஜயபாஸ்கர் வந்தான். மறுநாள் கஃபீல் குடும்பம் வருகிறது. கம்பளியைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"இது எப்பிடிறா இங்க?"

"கட்டில்ல கெடந்துச்சு. யாருண்ணே கார்மேகம்?"

விஜயபாஸ்கர் கம்பளியைப் பள்ளத்தில் வீசினான். அழகுமலையின் போர்வையை உருவிக் குழாயில் சுற்றினான்.

"அண்ணே, நான் எதைப் போத்துறது?"

"குழாய்தான் வெடிக்கும். நீ வெடிச்சிர மாட்ட."

தன் மெத்தைப் போர்வையை இழுத்துக்கொண்டு, ஹீட்டரைத் தன் பக்கம் திருப்பி, காலிக் கட்டிலில் படுத்துக்கொண்டான் அந்தப் பாவி. அழகுமலை வயிறெரிந்து சபித்தான்.

டக்... டக்... டக்... பற்கள் அடிக்கும் சத்தம்.

தன் பல்தான் என்று வாயை இறுக மூடினான்.

சத்தம் நிற்கவில்லை.

அவனுக்கு அதற்குமேல் நினைவில்லை.

காலை 6.15. வேர்வையில் விழித்தான்.

கழுத்துவரை கம்பளி. புலி.

ஓரங்களை யாரோ செருகிவிட்டிருந்தார்கள்.

ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் விஜயபாஸ்கர். கண் திறந்தபடி. புருவத்தில் பனி.

வெளியே குழாய்த் தண்ணீர்... சொட்... சொட்...

குளிரில் விறைத்துச் செத்தான் என்றார் டாக்டர். கஃபீலின் டிரைவர்தான் மீதியைச் சொன்னார். போன ஜனவரியில் அங்கே காவலிருந்தவன் கார்மேகம். குழாய்க்காக அவன் கம்பளியையும் விஜயபாஸ்கர் உருவியிருக்கிறான். காலையில் அதே கட்டிலில் பிணம். பிறகு அதே கம்பளியால் மூடி ஊருக்கு அனுப்பினார்களாம்.

அழகுமலை ஃபோர்மேனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நானும் விட்டிருக்க மாட்டேன்.

ஊருக்குப் போன கம்பளி எப்படித் திரும்பி வந்தது என்று புரியாமல், எப்படியும் ஒப்படைக்க வேண்டுமே என்று கார்மேகத்தின் மனைவி நாகவள்ளிக்குப் போன் செய்தான்.

"புலி போட்டதா? மூலையில செவப்பு நூலா?"

"ஆமாக்கா."



"நான் தச்ச பேரு தம்பி அது. அவரு மேல போத்தி, அதோடதானே எரிச்சோம்."