இமையருகே நின்ற இயந்திரம்

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக்கு அக்கா’ என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வண்டியைச் சுவரில் முட்டுவதற்கு ஒரு நொடி முன்னால், பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துவிடுவாள். பிறகு நிதானமாக, “சுவரு நம்மளோடது இல்ல, பார்த்துப் போங்க” என்பாள்.

அவள் முகத்தின் இடது பாதி பிறந்ததிலிருந்தே பீட்ரூட் சாறு கொட்டியதுபோல் சிவந்திருக்கும். நெற்றியோரம் தொடங்கி, இமை, கன்னம் என்று இறங்கித் தாடையில் முடிகிற மச்சம். புதிதாக வருகிறவர்கள் சாலையை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள். “என் மூஞ்சி எங்கயும் போயிடாது. எதிர்ல வர்ற லாரியைப் பாருங்க” என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

மச்சத்தோடு அவள் சமாதானமாகத்தான் இருந்தாள். நாற்பது தாண்டியதும் மச்சம்தான் சும்மா இருக்கவில்லை. தடித்தது. அங்கங்கே சின்ன முடிச்சுகள் எழுந்தன. துண்டால் அழுத்தித் துடைத்தால் ரத்தம் கசிந்தது. மேலிமை கனத்து, பார்வைக்குக் குறுக்கே தொங்க ஆரம்பித்தது. ஒருநாள் இடப்பக்கமிருந்து வந்த சைக்கிளை அவள் பார்க்கவேயில்லை. ஓட்டிக்கொண்டிருந்த பெண்தான் அலறிக்கொண்டு வண்டியை நிறுத்தினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“லேசர்ல சரி பண்ணலாமாம்” என்றார் கணவர். அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். வார்த்தையையும் வெட்டித்தான் பேசுவார்.

“வேணாங்க.”

காரணம் அவருக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் அந்த மச்சத்தைச் சுட்டார்கள். அப்பா அவள் காலை இறுகப் பிடித்துக்கொண்டார். வலி பொறுக்காமல் அவள் தலையை வெடுக்கென்று திருப்ப, மருத்துவர் கையிலிருந்த கருவி தாடைக்குக் கீழே ஆழமாகப் பதிந்துவிட்டது. வெள்ளையாய்ப் பளபளக்கும் அந்த வடு, வாயை அகலத் திறந்தால் இன்றும் இழுக்கும். அதன் பிறகு தன் முகத்தில் இன்னொருவர் கை பட அவள் விட்டதில்லை. சூடு கண்ட பூனை.

ஆனால் அந்தச் சைக்கிள் மனதை விட்டுப் போகவில்லை. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனாள். அவளைவிட மூத்த பெண்மணி.

“இப்ப லேசரை ரோபோ பிடிச்சுக்கும்மா. கேமரா உங்க முகத்தை அளந்து வச்சுக்கும். பட்ட இடத்துலயே திரும்பப் படாம வரிசையா போகும். நீங்க அசைஞ்சா தானா நின்னுடும்.”

“மனுஷங்க கை படாதா?”

“படாது.”

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

கன்னத்துக்கு இரண்டு முறை சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னால் ஜில்லென்று ஒரு காற்று, பிறகு ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுளீர். இயந்திரக் கை கொஞ்சமும் பிசகவில்லை. கன்னத்தின் சிவப்பு வெளிறத் தொடங்கியது.

மூன்றாவது முறை இமைக்கு. மரத்துப்போக மருந்து விட்டு, அவளே தூக்கிப் பிடித்த இடது இமைக்குள்ளே சிப்பி போன்ற ஓர் உலோக மூடியைக் கருவியால் செருகினார்கள், லேசர் கண்ணைத் தொடாமலிருக்க. வலது கண்ணை அவளே பட்டை வைத்து மறைத்துக்கொண்டாள். ஒரே இருட்டு. மோட்டாரின் முனகல் நெருங்கி வருவது மட்டும் கேட்டது. ஜில். சுளீர். ஜில். சுளீர். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

சட்டென்று முனகல் நின்றது.

அடுத்த குளிர்ச்சிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. யாரோ விசைப்பலகையைத் தட்டினார்கள். இயந்திரம் ஒருமுறை முனகி, மறுபடி அடங்கியது.

“என்ன ஆச்சு?” உதடு அசையாமல் கேட்டாள்.

“இமை வீங்கிடுச்சு” என்றார் மருத்துவர். “முதல்ல அளந்த முகம் இப்ப இல்லன்னு அது நிக்குது. திரும்ப அளந்தாலும் ஒத்துக்க மாட்டேங்குது.”

“அப்ப?”

“இன்னிக்கு இதோட விட்டுடலாம். ஆனா இன்னொரு நாள் வந்தாலும் இமை இப்படித்தான் வீங்கும். இல்லன்னா மிச்சத்தை நான் கையால முடிக்கணும். கண்ணுக்குள்ள இருக்கற மூடியை ரொம்ப நேரம் விட்டுவைக்க முடியாது. இப்பவே சொல்லுங்க.”

“கை படாதுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். கன்னத்தை மட்டும் நினைச்சு சொல்லிட்டேன். என் தப்புதான்.”

அந்த நேர்மை அவளைத் தேற்றவில்லை, கோபம்தான் வந்தது. எழுந்து போய்விடலாம். போனால் அந்த இமையோடு மறுபடி யார் பக்கத்தில் உட்காருவது? எந்தச் சைக்கிளைப் பார்க்காமல் விடுவது? கணுக்காலில் அப்பாவின் பிடி இறுகுவதுபோல் இருந்தது.

“நான் தலையைத் திருப்பிட்டா?”

“நான் காலை எடுத்துடுவேன். பெடலை மிதிச்சாத்தான் லேசர் சுடும். எடுத்தா நின்னுடும்.”

“உங்க கால் இப்ப எங்க இருக்கு?”

“தரையில.”

அவள் மெதுவாக மூச்சை விட்டாள். “ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு மிதிங்க. என் காலை மட்டும் யாரும் பிடிக்கக் கூடாது.”

“யாரும் பிடிக்க மாட்டாங்க.”

புருவ எலும்பின் மேல் ஒரு விரல் வந்து அழுந்தியது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவள் முகத்தில் பட்ட வேற்றுக் கை. கையுறைக்குள் சூடாக இருந்தது. இயந்திரத்தைப்போல் இல்லை, மிக லேசாக ஒரு துடிப்பு அதில் இருந்தது. அவள் உடம்பு விறைத்தது.

“மிதிக்கறேன்.” சுளீர். “மிதிக்கறேன்.” சுளீர்.

இமையின் ஓரத்துக்கு வந்தபோது கழுத்து அவளை மீறி வெடுக்கென்று திரும்பியது. சூடு வரவில்லை.

“எடுத்துட்டேன்” என்றார் மருத்துவர். “ஒண்ணும் ஆகல. மிச்சத்தையும் முடிச்சுடலாமா?”

அவளே தலையை நேராக்கிக்கொண்டாள். “ம். மிதிங்க.”

வீட்டுக்குப் போகும்போது கணவர் வண்டி ஓட்டினார். சாதாரணமாக அவரை ஓட்ட விடமாட்டாள். அன்று சாவியை அவளே நீட்டியிருந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் இமை கத்தரிக்காய்போல் கறுத்து வீங்கி, கண் மூடிக்கொண்டது. இப்படித்தான் ஆகும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். சொன்னால் மட்டும் பயம் போய்விடுமா? தலை திரும்பிய அந்த நொடியையே மனம் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலுக்கு நேரே நின்று, மூடிய இமை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிவதுபோல் இருக்கும். பிறகு சந்தேகம் வந்துவிடும்.

சில நாட்கள் கழித்து ஒருநாள் காலையில், கணவர் கண்ணாடிமுன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். இவள் படுக்கையில் ஒருக்களித்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இடது இமை ஒட்டிக்கொண்டு, பிரிந்து, கீற்றாகத் திறந்தது. முதலில் கலங்கல். பிறகு முதுகு, பனியன், காது.

“காதுல நுரை இருக்கு” என்றாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். “எந்தக் கண்ணால பார்த்த?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன.

மச்சம் முழுதாகப் போய்விடவில்லை. கன்னத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் தங்கிவிட்டது. தாடையின் வடு இருந்தபடியே இருக்கிறது. ஆனால் இமை தூக்கிக்கொண்டது, பார்வைப் பரிசோதனையில் தேறினாள், பழைய இருக்கைக்கே திரும்பினாள். அடுத்த முறை சிகிச்சைக்குப் போனபோது மருத்துவர் கொஞ்சம் தயங்கி, “எப்படிச் செய்யலாம்?” என்று கேட்டார்.

“கன்னத்துக்கு அது போதும்” என்றாள், மூலையில் மடங்கி நின்ற இயந்திரத்தைக் காட்டி. “இமைக்கு நீங்க வாங்க.”