தங்கராசாவின் நடு இனிஷல்

இந்தக் கிழமைப் பத்தியில் எழுத நினைத்தது வேறு விஷயம். ஆனால் செவ்வாய்க்கிழமை தொழிற் கந்தோரில் ஒரு விசாரணையில் கண்டதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு முதல் ஓர் எழுத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரே ஓர் எழுத்து — 'வே.'

நாலு மாதத்துக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கராசா என் வீட்டுக்கு வந்தார். 'க. தங்கராசா' என்ற பெயரில் பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறவர். அன்புவழிபுரத்தில் வீடு. துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்குவதை ஒப்பந்தத்துக்கு எடுத்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் கணக்கு, கடிதம் எழுதும் லிகிதர் வேலை. கூடவே அச்சக முதலாளி சிற்றம்பலமும் வந்திருந்தார்.

"மாஸ்டர், புத்தகம் அடிக்கிறன். பன்னிரண்டு கதை. ஒரு விஷயத்திலை நீங்கள்தான் முடிவு சொல்லவேணும்."

எந்தக் கதையை முதலில் வைப்பது என்று கேட்கப் போகிறாராக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டது என்ன தெரியுமா? அட்டையில் 'க. தங்கராசா' என்று போடுவதா, 'க. வே. தங்கராசா' என்று போடுவதா!

"வே. ஆர்?"

"அப்பப்பா. அப்பாவின்ரை அப்பா, வேலுப்பிள்ளை."

"அப்பப்பா எண்டால் முறைப்படி முன்னுக்கெல்லோ வரவேணும்? ஏன் நடுவிலை?"

"முன்னுக்குப் போட்டால் வேறை ஆரோ எண்டு வாசகர் நினைச்சிடுவினம் மாஸ்டர். நடுவிலை எண்டால்... தெரிஞ்சவைக்கு நான்தான். தெரியாதவைக்கு வேறை ஆள்."

இந்த இடத்தில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஆலோசனை கேட்டு ஆள் வந்துவிட்டால் எனக்குத் தலை சுற்றிவிடும். அது என் பழைய வருத்தம்.

எங்கள் ஊர் எழுத்தாளர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதை குறைவு, இனிஷல் கூட. ஒருவர் மூன்று எழுத்தை முன்னால் விட்டுப் பின்னால் வருவார். இன்னொருவர் இனிஷல் போதாதென்று ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்வார். பட்டம் பெற்றவர்களோ பின்னாலும் இரண்டு எழுத்தைத் தொங்கவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் வாசகனுக்கு நித்திரை வந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு நான் என்ன செய்தேன்? ஒரு மணி நேரம் அவர்களோடு குந்தியிருந்து அந்த 'வே.'யை ஆராய்ந்தேன்!

"ஒண்டெண்டால் அட்டை மொட்டையாக் கிடக்கும் மாஸ்டர்," என்றார் சிற்றம்பலம். "ரெண்டெண்டால் நிரம்பும்."

இரண்டு பெயரையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டும் ஒரு தரம் சொன்னேன். கடைசியில் தீர்ப்பு வழங்கினேன். "போடுங்கோ. ஓசை நல்லாயிருக்கு."

தங்கராசாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஓர் எழுத்துக்கா இவ்வளவு நன்றி என்று எனக்கே கூச்சமாயிருந்தது.

மூன்று கிழமை கழித்துப் பிழை திருத்தித் தரும்படி அச்சுப்படி வந்தது. பதினொரு கதையும் நமக்குப் பழக்கமானவை. மழை பெய்யும், காதலி கல்யாணம் முடித்துப் போவாள், ஏழை ஒருவன் கடைசிப் பந்தியில் செத்துப்போவான். பன்னிரண்டாவது கதையில் என் பேனை நின்றுவிட்டது.

கிண்ணியாவில் இருந்து துறைமுகத்துக்கு வேலைக்கு வரும் மீராசாகிபு. மூட்டை தூக்கும் கயிறு இற்றுப்போய் இருக்கிறது. மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்கிறார்கள், கொந்தராத்துக்காரர் மாற்றவில்லை. கயிறு அறுகிறது. மூட்டைகள் மீராசாகிபுவின் மேல் விழுகின்றன. கதையில் வரும் லிகிதர் கொந்தராத்துக்காரரின் மேசையில் ஓங்கி அடித்து, "இது கொலை!" என்று கத்துகிறார்.

நல்ல கதைதான். ஆனால் இது கதையா? அப்படி ஒரு மனிதர் உண்மையிலேயே அதற்கு முந்திய மாதம் துறைமுகத்தில் செத்துப்போனார். பெயரும் மீராசாகிபுதான். ஊரும் கிண்ணியாதான். அன்று உடுத்திருந்த சாரத்தின் நிறத்தைக்கூட எழுத்தாளர் மாற்றவில்லை.

அச்சுப்படியைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். தங்கராசா அங்கேதான் நின்றார்.

"இதை நீர் கண்டனீரோ?"

"ஓம் மாஸ்டர். பக்கத்திலைதான் நிண்டனான்."

"மேசையிலை அடிச்சனீரோ?"

அவர் அச்சுப்படியை என்னிடம் வாங்கி அடுக்கத் தொடங்கினார். நான் விடவில்லை.

"அந்த மனிசன் தன்ரை கவனயீனத்தாலை செத்தவர் எண்டெல்லோ கொந்தராத்துக்காரர் அறிக்கை குடுத்திருக்கிறார்! ஊரெல்லாம் அதே கதைதான். அந்த அறிக்கையை ஆர் எழுதினது?"

தங்கராசா நிலத்தைப் பார்த்தார். "நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினனான். வேறை என்ன செய்ய ஏலும்? மூண்டு பிள்ளையள் மாஸ்டர். கேட்டுக் கீட்டு வந்தால் அது வேறை ஆள் எண்டு சொல்லலாமெண்டுதான் அந்த 'வே.'..."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. செத்தவருக்கு முழுப் பெயர், முழு ஊர். தனக்கு மட்டும் நடுவில் ஒரு மறைப்பு! பகலில் கவனயீனம் என்று அறிக்கை எழுதுவது, பின்னேரம் கொலை என்று கதை எழுதுவது. இரண்டுக்கும் ஒரே பேனைதானா ஐயா?

"எடும் அந்த எழுத்தை!" என்றேன்.

"அட்டைக்கு அச்சடிக்கிற புளொக் கொழும்பிலை செய்து வந்திட்டுது மாஸ்டர். இனி மாத்த ஏலாது," என்றார் சிற்றம்பலம்.

இருவரையும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. திட்டுவது எனக்குச் சுகமான வேலை. செலவும் இல்லை.

போன மாதம் வெளியீட்டு விழா. மாலை, பொன்னாடை, தலைவர் உரை மட்டும் முக்கால் மணி நேரம். 'துறைமுகத்தின் மனச்சாட்சி' என்றார் தலைவர். எனக்கு இருமல் வந்தது. புத்தகத்தை வாங்கித் திருப்பினால், பின் அட்டையில் கால்வாசிக்கு எழுத்தாளரின் படம்! கழுத்தில் டை, கன்னத்தில் பேனை, பார்வை எங்கோ தூரத்தில்.

"ஒளிக்கிறவர் படம் போடுவாரோ?" என்று காதுக்குள் கேட்டேன்.

"படமில்லாட்டி எழுத்தாளன் எண்டு ஆர் மதிப்பினம் மாஸ்டர்?"

இந்த மனிதரை என்ன செய்வது? பயமும் விடுகிறதில்லை, புகழும் விடுகிறதில்லை. கொந்தராத்து முதலாளி சிறுகதை வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில் படம். ஒருவேளை வாசித்துவிட்டால் என்ற பயத்தில் 'வே.'

அடுத்த கிழமை மீராசாகிபுவின் மச்சான் என்னிடம் வந்தார். அக்காவுக்கு ஒரு பெட்டிசம், அதுதான் முறைப்பாட்டு மனு, எழுத வேண்டுமாம். அவர் ராத்தா என்று சொல்லும் அந்த அக்கா பாத்தும்மா, மீராசாகிபுவின் மனைவி. கணவன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் முன் வராமல் இத்தா இருப்பார்கள் அல்லவா? அது முடியும்வரை விசாரணையைத் தள்ளி வைத்திருந்தார்களாம்.

"நட்டஈடு ஒரு பக்கம் மாஸ்டர்," என்றார் அவர். "மச்சான் கவனமில்லாம மௌத்தாப் போனார் எண்டு எழுதிக் கிடக்கே... அத அழிக்கணும் எண்டுதான் ராத்தா நிக்கிறா."

பெட்டிசத்தோடு அந்தப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை. பாத்தும்மாவும் தம்பியும் காலைப் படகில் கிண்ணியாவில் இருந்து வந்திருந்தார்கள். கொந்தராத்துக்காரருக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலாகக் கடதாசிக் கோவையோடு வந்திருந்தவர்... வேறு யார், தங்கராசாதான்! பின் வாங்கில் இருந்த என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை உத்தியோகத்தர் அறிக்கையை வாசித்தார். தம்பி புத்தகத்தை நீட்டினார். உத்தியோகத்தர் அந்தக் கதையை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு அட்டையைப் பார்த்தார்.

"க. வே. தங்கராசா. உம்முடைய பெயர் என்ன?"

"க. தங்கராசா ஐயா."

"அப்ப இது நீர்தானே?"

"இல்லை ஐயா. அது வேறை ஆள். எனக்கு வே. எண்டு ஒண்டு இல்லை."

எழும்பினேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் பாத்தும்மா மேசைக்குக் கிட்டப் போய்ப் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். படத்தின் மேல் விரலை ஊன்றினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா. இவர்தான் எங்கட ஊட்ட ரெண்டு தரம் வந்தவர். நான் இத்தாவில இருந்த. இவர் என்னக் காணல்ல, நான் திரைக்குள்ளால இவரக் கண்ட. கயிறு இத்துப்போய்க் கிடந்த, புள்ளைகள்ர வாப்பாவில பிழையில்ல எண்டு இவர்ர வாயாலதான் சொன்னார். என்னத்த உடுத்தார், என்னத்தத் திண்டார் எண்டெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனார். இப்ப இவர் இல்ல எண்டா என்ட புள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார். எதிரே நின்ற மனிதரைப் பார்த்தார். 

தங்கராசா நிமிர்ந்தார். கோவையை மேசையில் வைத்தார்.

"நான்தான் ஐயா," என்றார்.

பிறகு அரை மணி நேரம் சொன்னார். கயிறு எத்தனை மாதம் பழசு, யார் யார் மாற்றச் சொன்னது, அறிக்கையைத் தனக்கு யார் சொல்லித் தந்தது... ஒன்றையும் மறைக்கவில்லை. மேசையில் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அவர் எழுதிய பன்னிரண்டு கதையையும்விட அது நன்றாக இருந்தது. உத்தியோகத்தர் 'கவனயீனம்' என்ற சொல்லை வெட்டி ஒரு கோடு கீறித் தன் கையெழுத்தை வைத்தார். பாத்தும்மா முக்காட்டை முகத்தோடு பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கராசாவின் வேலை போகுமா? போகலாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயப்படுவது ஒரு குற்றமே இல்லை. பயத்தை அச்சடித்து, அட்டை போட்டு, அதற்குப் பொன்னாடையும் போர்த்திக்கொள்வதைத்தான் என்னால் சகிக்க ஏலாது.

வீட்டுக்கு வந்து, இதை எழுதுவதற்காகப் புத்தகத்தை இன்னொரு தரம் புரட்டினேன். நன்றியுரையில், 'பெயரின் தலைப்பெழுத்துப் பற்றித் தகுந்த ஆலோசனை வழங்கியவர்' என்று என் பெயரைப் போட்டிருக்கிறார். அப்பன் பெயரோடு முழுப் பெயராக, ஊரும் சேர்த்து... வேறு ஆள் என்று சொல்லவும் வழியில்லை!