தோசை போட்ட கை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். கல்யாணமாகி, திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத் தெருவுக்கு நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிர்த்துப் பேசாத மருமகள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் கெடுத்தது ஒரு தெருநாய்.

செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். குடை பிடித்து யார் போனாலும் குரைக்கும். அந்த மழையில் குடையில்லாமல் யார் போவார்கள்? நாயைத் தொட்டால் குளிக்க வேண்டிய வீடு எங்களுடையது. அதனால் அது குரைக்கும்போதெல்லாம் வாசற்படியில் நின்றபடியே ஒரு துண்டு தோசையை வீசுவேன். உடனே வாயை மூடிவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் குரைப்பு நாளுக்கு நாள் கூடியது. எதிர்வீட்டு வக்கீல் மாமா ஒரு நாள் வாசலில் வந்து நின்று என் மாமியாரிடம் கத்தினார். "அடுத்த திங்களாழ்ச்சை முனிசிபாலிட்டி ஆளை வரச் சொல்லியிருக்கேன். பிடிச்சுண்டு போய்க் கொன்னுடுவான். இது திருந்தாத ஜன்மம், கேட்டேளா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஜன்னலருகே நின்று அதையே கவனித்தேன். ஒரு குடை போனது. குரைத்தது. குரைத்து முடித்ததும் குடைக்காரரைப் பார்க்கவே இல்லை. திரும்பி எங்கள் வாசற்படியைப் பார்த்து வாலை ஆட்டியது! குரைத்தால் தோசை கிடைக்கும் என்று அதற்குப் பாடம் நடத்தியதே நான்தான்.

அன்றே சட்டத்தை மாற்றினேன். குரைத்தால் ஒன்றும் கிடையாது. மூச்சு வாங்க வாயை மூடுகிற அந்த நொடியில்தான் தோசை. முதல் இரண்டு நாள் குரைப்பு இரண்டு மடங்கானது. வக்கீல் மாமாவின் வேஷ்டி வரைக்கும் நாய் பாய்ந்தது.

"ஒரு துண்டைப் போட்டு வாயை அடைக்கப்படாதோடி?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாட்டேம்மா" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான்.

மூன்றாம் நாள் குரைப்பு குறைந்தது. ஐந்தாம் நாள் ஒரே ஒரு குரைப்போடு நின்றது. திங்கட்கிழமை காலை முனிசிபாலிட்டி ஆள் இரும்பு இடுக்கியோடு வந்துவிட்டான். வக்கீல் மாமா வேண்டுமென்றே நாயின் முகத்தெதிரே குடையை விரித்து ஆட்டினார். அது எழுந்தது. வாயைத் திறந்தது. மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. தோசையை வீசினேன்.

அவர் மசியவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருந்தா ஆச்சா? பிடிடா அதை!"

தெருவில் இறங்கினேன். கொட்டுகிற மழையில், இடுக்கிக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றேன். "குத்தம் இதோடது இல்லை, மாமா. குரைக்கச் சொல்லிக் குடுத்தது நான். பிடிக்கணும்னா என்னைப் பிடிச்சுண்டு போகச் சொல்லுங்கோ."

இடுக்கிக்காரன் என்னைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். "இது குரைக்குந்நில்லல்லோ சாமீ" என்று, குரைக்கவில்லையே என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு இடுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

தெருவில் நின்று ஆண்பிள்ளையிடம் வாயாடியதற்காக மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றும் ஒரு பிள்ளையையோ நாயையோ காட்டி யாராவது 'திருந்தாத ஜன்மம்' என்றால் சண்டைக்குப் போய்விடுகிறேன். ஆனால் போவதற்கு முன் ஒருமுறை என் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.