நான் எடுக்காத பாடத்துக்கு நல்ல மார்க்

சில வருடங்களுக்கு முன்பு, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் திக்குவாய். 'இ'யும் 'எ'யும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிடும். ஆனால் எழுத்தில் திக்காது. அதனால் இதை எனக்காக யாரும் நடுவில் புகுந்து முடித்துவைக்க முடியாது.

பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும், மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வைப்பார்கள். ஒருவர் டீச்சராக நின்று கொஞ்ச நேரம் பாடம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடிக்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற அக்காக்கள்கூட விரலைத் தூக்கிக்கொண்டு "மிஸ், மிஸ்" என்பார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். என் முறை வந்தால் மட்டும் எங்கள் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"உனக்கு அப்புறமா வெச்சுக்கலாம்மா, நேரமாயிருச்சு."

அந்த அப்புறம் வரவே இல்லை. நான் பெஞ்சில் பிள்ளையாகவே காலத்தை ஓட்டினேன்.

பிறகு கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அறிவியலுக்கு டீச்சரே இல்லை. எனக்குப் பேச வருமா வராதா என்று யோசிக்க யாருக்கும் நேரமும் இல்லை. ஆறாம் வகுப்பை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் அன்று ராத்திரியே முதல் பாடத்துக்குக் குறிப்பு எழுதி வைத்தேன்.

முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள். அடுத்த வாரம் இதயப் பாடம். "இ... இ..." என்று நான் நின்றபோது, முன் பெஞ்சில் இருந்த ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி, "இதயம், மிஸ்" என்று எடுத்துக்கொடுத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. விடை தெரிந்த பெருமைதான் இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டோம். நான் எங்கே நின்றாலும் அவர்கள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பாடம் தெரிந்திருக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தலையை ஆட்டுவேன். சில இடங்களில் திக்காமலே வேண்டுமென்று நிற்பேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், தமிழ்ச் சொல்லுக்கு அவர்களும் கொஞ்சம் தடுமாறுவார்கள். அதனால் அந்த வகுப்பில் தடுமாறுவது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை.

அந்தப் பாடத்துக்காக ஒரு மாடலும் செய்தேன். தெர்மாகோலில் இதயம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் டியூபை அப்பா தக்காளி மண்டியிலிருந்து திரும்பும்போது வாங்கி வந்தார். உள்ளே வைத்த பலூனை அமுக்கினால் ஒரு டியூபில் நீலத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும், இன்னொன்றில் சிவப்புத் தண்ணீர் திரும்பி வரும். "எம் பொண்ணு டீச்சராவப்போறா" என்று அப்பா மண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வந்து நாங்கள் பாடம் எடுப்பதைப் பார்ப்பார்கள். வாசலில் பந்தல், வாழை மரம், பெரிய கோலம், எங்களுக்கெல்லாம் ஒரே நிறச் சேலை, வந்தவர்களுக்கு விருந்து என்று கல்லூரியே கல்யாண வீடாகிவிட்டது. பாடம் கேட்பதற்கு என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் கல்லூரி வேனில் கூட்டி வந்தார்கள். இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். இன்றைக்கு ஒரு முறை தேர்வாளர் முன்னால் எடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

காலையில் பிரின்சிபால் கூப்பிட்டார்.

"நீ கிளாஸ் எடுக்க வேணாம்மா, மாடல்கிட்ட மட்டும் நின்னுக்க. மார்க்கெல்லாம் நாங்க பாத்துக்கறோம். வர்றவங்க முன்னாடி எதுக்கு நீ கஷ்டப்படணும்?"

"நான் எ... எ... எடுக்கறேன்" என்று நான் முடிப்பதற்குள் அவர் பந்தல் பக்கம் போய்விட்டார்.

சரி, மாடலிடமாவது நிற்கலாம் என்றால், கொஞ்ச நேரத்தில் மேடம் வந்து அதையும் தூக்கினார். இதயப் பாடத்தை எங்கள் வகுப்பில் நன்றாகப் பேசுகிற பெண் எடுக்கப்போகிறாளாம். அவள் அந்தப் பிள்ளைகளை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. காலி மேஜைக்குப் பக்கத்தில் எதற்கு நிற்பது? பாடம் நடக்கிற அறையின் ஜன்னல் ஓரம் போய் நின்றேன்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எடுத்தாள். "வலது வெண்ட்ரிக்கிள்லேர்ந்து ரத்தம்..." என்று மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். அவ்வளவுதான். "நுரையீரலுக்குப் போவும், மிஸ்" என்றது மொத்த வகுப்பும். அவள் ஒரு கணம் திகைத்தாள். கெட்டிக்காரி, உடனே புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவளாகவே நிறுத்த ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் சரியாக முடித்தார்கள்.

தேர்வாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பசங்கள நல்லா தயார் பண்ணியிருக்கீங்கம்மா. பாதியில நிறுத்தி அவங்களையே முடிக்க வெக்கிறீங்க பாருங்க, அருமையான டெக்னிக்."

"தேங்க்யூ சார்" என்றாள் அவள். மேடமும் பிரின்சிபாலும் அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்கள். என்னிடம் இருந்தால் ஊனம், அவளிடம் போனால் டெக்னிக். அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மதியம் பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள். ரெட்டைச் சடைக்காரி ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஏன் மிஸ் எடுக்கல? உங்களுக்குன்னுதான் மிஸ் நாங்க படிச்சிட்டு வந்தோம்."

"எ... எ..." என்று ஆரம்பித்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வழக்கம்போல எடுத்துக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் இந்த முறை என்ன சொல் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். வேன் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா, "நல்லா எடுத்தியாம்மா?" என்று கேட்டார். "ம்" என்றேன். அதில் திக்க ஒன்றுமில்லை.

மார்க் நன்றாகவே வந்தது. நான் எடுக்காத பாடத்துக்கு, கூடப் படித்த பலரைவிட அதிகம். இப்போது தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறேன். மற்ற டீச்சர்களுக்கு சார்ட் எழுதுவதும் மாடல் செய்து கொடுப்பதும்தான் வேலை. அன்று வகுப்பெடுத்திருந்தால் ஜெயித்திருப்பேனா, திக்கித் திணறித் தோற்றிருப்பேனா, தெரியாது. தோற்கவாவது விட்டிருக்கலாம். திட்டி வெளியே தள்ளியிருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன், பாவம் பார்த்தவர்களிடம் என்ன சண்டை போடுவது? அந்தப் பிள்ளைகளும் என் பேச்சை முடித்துவைத்தார்கள்தான், ஆனால் அவர்கள் பாடம் தெரிந்து முடித்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் யாராவது இரக்கப்பட்டு என் வாக்கியத்தை முடித்துவைத்தால், அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.