பூட்டியிருந்த ஒன்பது வீடுகளும் வேலாயுதத்தின் கையெழுத்தும்

ஊராட்சி ஒன்றியக் குழுவின் முன்னாள் தலைவர் சி. வேலாயுதம் ஞாயிற்றுக்கிழமை காலை விருத்தாசலத்தில் தம் மகள் வீட்டில் காலமானார். இதை எனக்கு உறுதிசெய்தவர் அந்த மகள் கலைச்செல்வி. நல்லூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. அதற்கு முன்பே மூன்று பேர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மருத்துவமனையில் என்றார், இன்னொருவர் பஸ் ஸ்டாண்டில் என்றார். அதனால் கலைச்செல்வியிடமே கேட்டேன்.

"டீ கேட்டாருங்க. போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள போயிட்டாரு" என்றார். பிறகு, "அஞ்சல அக்காவுக்கு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

வேலாயுதத்தை அறிந்தவர்களில் பலருக்கும் அஞ்சலையைத் தெரியாது. ஆனால் அஞ்சலையின் கதையைச் சொல்லாமல் அவருடைய முப்பதாண்டு அரசியலைச் சொல்ல முடியாது.

கம்மாபுரத்துக்குக் கிழக்கே சின்னப்பனையூர் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. ஊரைக் காலி செய்வதற்கு முன், மாற்று மனை யாருக்கெல்லாம் உண்டு என்று கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். வேலாயுதம் அப்போது முதன்முறையாக ஊராட்சித் தலைவர். இரண்டு நாள் கணக்கெடுப்பில் ஒன்பது வீடுகள் பூட்டியிருந்தன. அவை ஆள் இல்லாத வீடுகள் என்று எழுதி, சரிபார்த்துக் கையெழுத்திடும்படி தலைவரிடம் தாளை நீட்டினார்கள். வாசலில் கட்சி மாநாட்டுக்குப் போகும் வேன் நின்றுகொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறினார்.

அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் சூளை வேலை செய்தவர்கள். சூளையைப் பற்றவைத்தால் மூன்று நாளைக்கு நெருப்பு தணியக் கூடாது. அடுக்குகிறவர், எரிக்கிறவர், பிரிக்கிறவர் எல்லோரும் அங்கேயே தங்கிவிடுவார்கள். பல வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே போவார்கள். சின்னப்பனையூரில் இது எல்லோருக்கும் தெரியும். வேலாயுதத்தின் மைத்துனரே சூளை எரித்தவர்தான்.

வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை. பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் வேலை அவருக்கு.

"தலைவரே, எங்க வூட்டுல ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களாமே? அப்ப போன எலெக்சன்ல உங்களுக்கு ஓட்டுப் போட்டது யாரு, பேயா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வேலாயுதம் சிரிக்கவில்லை. "உள்ள வாம்மா" என்றார். "வூடு இல்லாதவ எந்த வூட்டுக்குள்ள வரது?" என்று கேட்டுவிட்டு அஞ்சலை போய்விட்டார்.

கணக்கெடுத்தவர் மீது பழியைப் போடு என்று கட்சிக்காரர்கள் யோசனை சொன்னார்கள். சொல்வதற்கு எளிது, நம்பவும் ஆள் இருந்தது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நான் செய்தி எடுக்கப் போயிருந்தேன். வேலாயுதம் எழுந்து நின்று சொன்னது இது: "பூட்டியிருக்குன்னதும் நம்பிட்டேன். பக்கத்து வூட்டுல ஒரு வார்த்த கேக்கல. கையெழுத்து என்னோடது. தப்பும் என்னோடது."

நான் அன்று அனுப்பியது குடிநீர்த் தொட்டி பற்றிய செய்தியை. ஓர் ஊராட்சித் தலைவரின் மன்னிப்புக்கு நாளிதழில் இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தீர்மானப் புத்தகத்திலும் 'பொருள் விவாதிக்கப்பட்டது' என்று மட்டுமே இருக்கிறது.

அதன் பிறகு அவர் எதிலும் உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. ஒன்றியத் தலைவரானபோது இது பெரிய தொல்லையாயிற்று. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு சிறு பாலம் கட்டினார்கள். வேலாயுதம் தம் பழைய மொபெட்டில் நான்காவது முறையாகப் போய் இறங்கியதும் ஒப்பந்ததாரருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பாலத்துக்கு எத்தன தடவதான் வருவீங்க தலைவரே?"

"நீ எத்தன தடவ இடிச்சிக் கட்டுவியோ, அத்தன தடவ."

அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அவர் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று வைத்திருந்ததால் இரண்டு சாலைகளுக்கான அனுமதி காலாவதியாகி, அந்த ஊர்க்காரர்கள் மேலும் இரண்டு மழைக்காலம் சேற்றில் நடந்தார்கள். அவர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஒருமுறை கட்சியும் மாறினார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு அன்றும் ஏற்புடையதாக இல்லை, இன்றும் இல்லை.

சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது எதிர்த்தரப்பு அந்த கிராம சபைப் பேச்சைத் தோண்டி எடுத்தது. 'பார்க்காமல் கையெழுத்துப் போடுபவருக்கா உங்கள் ஓட்டு?' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கூட இருந்தவர்கள் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பினார்கள். வேலாயுதம் தடுத்துவிட்டார். "அழிக்காதீங்கப்பா. அவன் பொய் எழுதல. அதுவுமில்லாம நம்ம ஆளுங்கள விட நல்லா எழுதியிருக்கான்" என்றார். தோற்றார். பிறகு அவருக்கு எந்தக் கட்சியும் வாய்ப்புத் தரவில்லை.

பதவி போன பிறகும் ஒரு வேலை மட்டும் அவரிடம் இருந்தது. அந்த ஒன்பது குடும்பங்களும் மாற்று மனை கேட்டு மனுக் கொடுத்திருந்தன. விசாரணை ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வேலாயுதம் நேரில் போய் நின்று, இது ஆள் குடியிருந்த வீடு, நான் தவறாகச் சான்று கொடுத்தேன் என்று வாக்குமூலம் கொடுப்பார். வீடுகள் இருந்த இடமே இப்போது பள்ளம். இருந்தாலும் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், யார் சுவர் யாருக்குப் பொது என்று தடுமாறாமல் சொல்வார். எட்டுக் குடும்பங்களுக்கு மனைப் பட்டா கிடைத்துவிட்டது.

மீதி இருப்பது அஞ்சலை. அவருடைய ரேஷன் கார்டு கருவேப்பிலங்குறிச்சியில் தாய் வீட்டு முகவரியில் இருந்ததால், அவர் சின்னப்பனையூரில் குடியிருந்தாரா என்பதே கேள்வியாகிவிட்டது. வேலாயுதம் அவரோடு மூன்று முறை போனார். மூன்று முறையும் விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. நான்காவது முறைக்கு நாள் குறித்து அறிவிப்பு வந்த வாரத்தில் அவர் இறந்துபோனார். அஞ்சலைக்கான வாக்குமூலத்தை அவர் கொடுத்திருக்கவில்லை.

செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். அஞ்சலை இப்போது பேட்டைக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். வர்ணம் தோய்ந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மனுசன எவ்ளோ திட்டியிருக்கேன் சார். ஒருநாளாவது திருப்பிப் பேசணுமே! 'சரி அஞ்சல, பஸ்ஸுக்கு நேரமாவுது வா'ம்பாரு." பிறகு, "இனிமே யாரு சார் சொல்லுவாங்க, நான் அங்கதான் இருந்தேன்னு?" என்றார்.

அவருடைய வழக்கறிஞரிடம் பேசினேன். கையெழுத்திட்டவர் இல்லாத நிலையில், அவர் தவறை ஒப்புக்கொண்டதை நேரில் கேட்டவர் ஒருவர் வந்து சொன்னால் அதைப் பரிசீலிக்கும்படி கோரலாம். ஏற்பார்களா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றார். நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அஞ்சலைக்கு முழு நம்பிக்கை இல்லை.

"பேப்பர்ல எழுதறவங்க நீங்க. அங்க வந்து வாயத் தொறந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"தலைவரு மாதிரி நின்னுகிட்டு சொல்லணும். அவரு ஒருநாளும் சேர்ல ஒக்காந்ததில்ல."

வேலாயுதத்திடமிருந்து என்னிடம் இருப்பவை, நான் அச்சுக்கு அனுப்பாமல் விட்ட அந்த நான்கு வாக்கியங்கள். விசாரணை அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, விருத்தாசலத்தில். அவற்றை ஏற்பார்களா என்பது அன்று தெரியும்.