மூன்றாவது சாட்சி

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. நான் கிறிஸ்தவன், அவள் இந்து. இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. மாலை வாங்கியது போகக் கையில் பஸ் காசுதான் இருந்தது. சட்டப்படி மூன்று சாட்சிகள் வேண்டும். நண்பர்கள் இருவர் வந்துவிட்டார்கள்; மூன்றாமவனுக்கு ஷிப்டு மாறிவிட்டதாம்.

நிலம் விற்க வடக்குப்பட்டிலிருந்து வந்து அங்கே காத்திருந்த ஓர் அம்மாளிடம் தயங்கிக் கேட்டேன். நல்ல உயரம், கையில் ஆண்கள் கட்டும் வாட்ச். அது ஓடுகிறதா என்று அடிக்கடி காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நேராக மணப்பெண்ணிடம் திரும்பினார்.

"இவனுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவான்?"

"வெளிய போயி டீ குடிச்சிட்டு வருவாரும்மா."

"கை நீட்ட மாட்டானே?"

"மாட்டாரு."

"சரி, எங்க கையெழுத்து போடணும், காட்டு."

எழுத்துக் கூட்டிப் போட்டுவிட்டு, எங்கள் நன்றிக்குக்கூட நிற்காமல் தன் பத்திர வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்றும் கோபம் வந்தால் நான் டீக்கடைக்குத்தான் போகிறேன். அந்த அம்மாளுடைய கல்யாணத்தின்போது அவருக்காக இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பார்களா என்று அங்கே உட்கார்ந்து யோசிப்பேன்.