சனிக்கிழமைப் போர்கள்

நாகர்கோவில் ரிஜிஸ்டர் கச்சேரியில் நகல் எழுதுகிற வேலை யேசுரத்தினத்துக்கு. யாரோ யாருக்கோ விற்ற வயலின் நான்கு எல்லைகளையும் வாரம் முழுக்க எழுதிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் அங்கே போய்விடுவார். ஊரில் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு 1924 முதல் பதினான்கு வருஷம் பந்தாட்டச் செய்தி எழுதியவர் அவர்தான்.

அந்த வேலையில் அவர் வைத்திருந்த கண்டிப்பு ஊரறிந்தது. ஆடுகிற எந்தக் கட்சிக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். தன் திருச்சபைக்காரர்கள் கூட்டமாக நிற்கிற பக்கம் நிற்கமாட்டார். ஒருமுறை இரணியலில் நாலைந்து கால்களுக்கு நடுவே பந்து கோலுக்குள் போய்விட்டது. கடைசியாக யார் கால் பட்டது என்று தெரியவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் திரும்ப இரணியலுக்கு நடந்தே போய், இரண்டு கட்சிக்காரர்களையும் கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுதினார். அந்த ஒரு பெயருக்காகப் பத்திரிகை ஒரு நாள் தாமதமானது.

அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது. ரத்தம் ஓடிய காலங்களைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் வாசிப்பார். மிஷன் வாசகசாலையில் இருந்த பிரெஞ்சுப் புரட்சிப் புத்தகத்தை அவர் ஒருவரே ஆறு தடவை எடுத்திருந்தார். ஐரோப்பிய யுத்தம், குளச்சலில் டச்சுக்காரர் தோற்றது, எங்கெங்கோ எரிந்துபோன பட்டணங்கள் எல்லாவற்றையும் நோட்டுகளில் குறித்து வைத்தார். இத்தனைக்கும் வீட்டில் கோழி அறுக்கும்போது பின்வாசல் பக்கம் வரமாட்டார்.

"கொலயும் கொள்ளயும் இல்லாத புஸ்தகம் ஒண்ணும் கெடைக்கலியா உங்களுக்கு?" என்று மனைவி செல்லபாய் கேட்பாள்.

நாளெல்லாம் வடக்கெல்லை, தெற்கெல்லை என்று எழுதிக் களைத்த தலை, ஒரு கோட்டை இடிந்து விழுகிற பக்கத்தில் மட்டும் விழித்துக்கொண்டது. அவ்வளவுதான் அவருக்கே தெரிந்தது.

பந்தாட்டச் செய்தியையும் யுத்தக் கதையையும் அவர் ஏழு வருஷம் ஒன்றோடொன்று சேரவிடவில்லை. 1931இல் குளச்சல் கடற்கரைக் கட்சியும் நாகர்கோவில் கட்சியும் கடைசி ஆட்டத்துக்கு வந்தன. பத்திரிகை ஆசிரியர் சிவதாணு அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய், உம்ம எழுத்து சுத்தமா இருக்கு. ஆனா உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்குவே. இந்த ஒரு தடவ ஆட்டத்துக்கு முந்தியே கொஞ்சம் சூடா எழுதும்."

யேசுரத்தினம் அன்றைக்கு மறுக்காததற்குக் காரணம் ஆசிரியர் அல்ல. எழுத ஆசையாக இருந்தது. 'இரண்டாம் குளச்சல் போர்' என்று தலைப்புப் போட்டார். கடற்கரைக் கட்சியின் முன்வரிசை ஆட்டக்காரன், இருபத்து நாலு வயது வேளாங்கண்ணியைக் கோட்டையை உடைக்க வருகிற படைத்தலைவன் என்றார். எதிர்க்கட்சியின் கோல்காப்பாளனை உயிர் போனாலும் வாசலை விடாத காவலன் என்றார். பேனா நிற்காமல் ஓடியது. அப்படிச் சந்தோஷமாக அவர் அதற்கு முன் எதையும் எழுதியதில்லை. காப்பிக்கடைகளில் அதைச் சத்தம்போட்டு வாசித்தார்கள். பத்திரிகையை இரண்டாம் முறை அச்சடிக்க வேண்டிவந்தது.

சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கையில் கம்பு இருந்தது. "கோட்டய ஒடைங்கலே!" என்று ஒரு பக்கம் கத்தினார்கள். அது தன் வாக்கியம் என்று அவருக்கு உடனே புரிந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் செல்லுமா செல்லாதா என்று தகராறு வந்தது. கல் பறந்தது. யாரோ கோல்கம்பைப் பிடுங்கினார்கள். கூட்டம் விலகியபோது வேளாங்கண்ணி தரையில் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

அதுவரை யேசுரத்தினத்தின் கை எழுதிக்கொண்டே இருந்தது. எத்தனையாவது நிமிஷம், எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று. பிறகுதான் நோட்டைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அவனை மாட்டுவண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

மறுநாள் சிவதாணுவிடம் கொடுத்த செய்தியில் பார்த்தது மட்டும் இருந்தது. கல்லை முதலில் எறிந்தவர் யார் என்று தெரியவில்லை என்றே எழுதியிருந்தார். கடைசியில் மூன்று வரி: 'சென்ற வாரம் இந்த ஆட்டத்தைப் போர் என்று எழுதியவன் நான். இது பந்தாட்டம். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தது என் பிழை.'

சிவதாணு இரண்டு தடவை வாசித்தார். "இது செய்தி இல்லவே. இத உங்க கோயில்ல போய்ச் சொல்லும்."

"நடந்தத எழுதணும்னுதானே இருக்கேன். இதும் நடந்ததுதானே?"

"நாள பின்ன போலீசு வந்து நிக்கும். உம்ம வேல போவும், எனக்கு அச்சாபீசு போவும்."

மூன்று வரியும் இல்லாமல்தான் செய்தி வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குளச்சலுக்குப் போனார் யேசுரத்தினம். வேளாங்கண்ணி கட்டுப்போட்ட காலை நீட்டிப் பாயில் கிடந்தான். தலைமாட்டுச் சுவரில் 'இரண்டாம் குளச்சல் போர்' ஒட்டியிருந்தது. அவனுக்கு எழுத்துத் தெரியாது. யாரையோ வாசிக்கச் சொல்லி முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தான்.

"என்னாலதான் மக்கா இப்பிடி ஆச்சு. நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது."

"நீங்க எழுதினது ஒள்ளதல்லவா சாரே? என்னப் பத்தி வேற ஆரு அப்பிடி எழுதுவா? நான் விழுந்தத எப்பிடி எழுதினீங்க? வாசிங்க, கேக்கட்டு."

யேசுரத்தினம் கொண்டுபோன பத்திரிகையை எடுத்து வாசித்தார். 'வேளாங்கண்ணி என்பவருக்கு வலது காலில் பலத்த காயம். ஆட்டம் நிறுத்தப்பட்டது.'

"இம்புட்டுதானா?" என்றான் அவன். முகம் வாடிப்போயிற்று.

மன்னிப்புக் கேட்கப் போனவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கால் அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. வேளாங்கண்ணி கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிற வேலைக்குப் போனான்.

யேசுரத்தினம் இன்னும் ஏழு வருஷம் எழுதினார். எழுத்து முன்னைவிட வறண்டுபோனது. பழைய சூடு எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. சிவதாணு அவற்றை அவர் முன்னால் வைப்பார். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

யுத்தக் கதைகளை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. ஒரு மாதம் விட்டுப் பார்த்தார், முடியவில்லை. வெட்கத்தோடேதான் திரும்பவும் வாசகசாலைக்குப் போனார். ஆனால் சண்டை முடிந்தபின் அடிபட்டவர்களை எங்கே கொண்டுபோனார்கள், பிறகு அவர்கள் என்ன வேலை செய்து பிழைத்தார்கள் என்று தேடத் தொடங்கினார். அதை எழுதியிருந்த புத்தகங்கள் குறைவு. அதற்கென்று வாங்கிய நோட்டில் ஆறு பக்கம்கூட நிறையவில்லை.

1938இல் மூட்டுவலி அதிகமானது. தக்கலையில் மழையால் பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தைப் பற்றிய நாலு வரிதான் அவர் கடைசியாக அனுப்பிய செய்தி. அடுத்த வாரம் வேறொருவர் எழுதியிருந்தார். நல்ல சூடாகவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை செல்லபாய் கேட்டாள்: "இன்னைக்கு எங்கயும் போகலியா?"

"காலு வலிக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்திரிகையை எழுத்தெழுத்தாக வாசித்தார். கோல் அடித்தவர்களில் அவர் பலமுறை எழுதிய ஒருவன் பெயர் தப்பாக இருந்தது. பென்சிலால் திருத்தினார்.